மீன் வண்டிக்கு ஆயில் கூலர் மாற்றப்போகிறவர்களுக்கு

ரேடியேட்டரின் ரிசர்வ் டப்பாவைத் திறந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பட்டிக் காப்பியின் மேல் படியும் ஆடை போல ஏதோ மிதக்கிறது. விரலால் தொட்டால் வழுக்குகிறது. தண்ணீரில் கழுவினால் போவதில்லை. பிக்கப் வண்டி வைத்திருக்கும் பலருக்கு, ஆயில் கூலர் என்று ஒரு பாகம் வண்டியில் இருப்பதே இந்த ஆடையைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது. எனக்கும் அப்படித்தான். பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிப் போன ஒரு விடியற்காலையில், பரமக்குடி தாண்டி டீ குடிக்க நிறுத்திய இடத்தில் தெரிந்தது.

நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியில் மீன் ஏற்றுகிறவன். ஒரே வண்டிக்கு இரண்டு முறை ஆயில் கூலர் மாற்றியிருக்கிறேன். முதல் முறை ஒரு பட்டறையில் விட்டேன். எட்டு மாதத்தில் அதே ஆடை மறுபடியும் மிதந்தது. இரண்டாவது முறை, படகு இன்ஜின் பார்க்கும் ஓர் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நானே கழற்றினேன். எட்டு மாதக் கூலரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "கூலரை மாற்றியிருக்கிறாய், தண்ணீரை மாற்றவில்லையே தம்பி" என்றார். கூலன்ட் ஓடும் பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள் இருந்தன. அவற்றைச் சுற்றி, வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதைப் போல வெள்ளைப் படிவு. அவசரத்துக்கு நான் ஊற்றி வந்த போர்த் தண்ணீர்தான் அது.

இந்தக் கரையில் உப்பு இரண்டு பக்கமும் தின்னும். வெளியிலிருந்து காற்றும், மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும். உள்ளிருந்து நாம் ஊற்றும் தண்ணீர். கழற்றிப் பூட்டுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றில்தான் கூலர் நிலைப்பதும் போவதும் இருக்கிறது.

அது என்ன செய்கிறது

இன்ஜின் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பிஸ்டன், பேரிங், டர்போ இவற்றின் சூட்டையும் வாங்கிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்தால் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய படலம் மெலியும். அந்தச் சூட்டை இறக்கிவிடுவது கூலரின் வேலை.

இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆயில் பில்டர் உட்காரும் இடத்தில் இன்ஜின் பிளாக்கோடு ஒட்டியிருக்கும் தகட்டுக் கூலர். மெல்லிய தகடுகளின் ஒரு புறம் ஆயிலும் மறு புறம் கூலன்டும் ஓடும். இன்னொன்று, ரேடியேட்டருக்கு முன்னால் காற்று படும்படி தொங்கும் குட்டி ரேடியேட்டர். இரண்டு ஹோஸ்கள் வழியாக ஆயில் போய் வரும். டீசல் பிக்கப்களில் முதல் வகைதான் மிகுதி. வேலையும் அதில்தான் கூடுதல் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் எது என்பதைக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூலர்தானா என்று முதலில் பாருங்கள்

ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டது என்றதும் "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது" என்று சொல்லி இன்ஜினைப் பிரித்துப் போட ஆள் தயாராக இருக்கும். இன்ஜினின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். பிரிக்கவிடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் 3, 4 பார் வரை போகும். ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் 1 பார் அளவுதான். ஆகவே தகட்டில் ஓட்டை விழுந்தால், ஓட்டத்தில் ஆயில்தான் கூலன்டுக்குள் பாயும். வண்டியை நிறுத்தியதும் கதை மாறுகிறது. ஆயில் அழுத்தம் உடனே இறங்கிவிடும். சூடான கூலன்டின் அழுத்தம் மட்டும் சிறிது நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் திரும்பி ஆயில் பக்கம் கசியலாம். முதலில் டப்பாவில் ஆடை, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) ஆயில் ஓரளவு சுத்தம் என்றால் சந்தேகத்தைக் கூலர் மேல் வையுங்கள். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, காலையில் வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் தட்டி ஓடுவது இவையெல்லாம் சேர்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். ராமேசுவரத்துக்குள்ளேயே நாலு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிகளில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் வருவதுதான் சாட்சி. அதிலும் ஐயம் இருந்தால், பழைய தகர மூடி ஒன்றை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி அதன்மேல் ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளிப்பதைப் போலச் சடசடவென்று வெடிக்கும். இல்லையென்றால் மெல்லப் புகைந்து பரவும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தோசைக்கல்லில் செய்து பார்த்துவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

டிப்ஸ்டிக்கில் பால் ஊற்றிய தேநீர் நிறம் தெரிந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஏலம் முடிந்து ஐஸ் போட்ட பெட்டிகள் பின்னால் இருக்கின்றனவே என்று ஓட்டினால், மீனைக் காப்பாற்றலாம், இன்ஜினைக் காப்பாற்ற முடியாது. வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே இன்ஜின் அடியிலிருந்து கட்டை தட்டுவது போலச் சத்தம் வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படாது. பேரிங் பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

நாள், இடம், சாமான்

கசிவு லேசாக இருக்கிறது, நாளைத் தேர்ந்துகொள்ள முடியும் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நமக்கும் ஓட்டம் குறைவு. ஆனால் மண்டபம், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் படகு வேலைக்கே பட்டறையில் ஆள் கிடைக்காத காலமும் அதுதான். லேத் வேலை எதுவும் வந்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

கடற்கரை மணலில் ஜாக்கி வைக்காதீர்கள். சிமென்ட் தரை வேண்டும். கிடைக்காவிட்டால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. சேஸிஸைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்கு முட்டு. சரக்குப் பெட்டி காலியாக இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை: கூலர், அதன் கேஸ்கெட் மற்றும் ஓ-ரிங் செட், ஆயில் பில்டர் இரண்டு, இரண்டு முறை ஊற்ற ஆயில், டிரெயின் பிளக்கின் செம்பு வாஷர், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், ஹோஸ் கிளாம்ப்கள். 2.5 லிட்டர் டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் ஒரு முறைக்கு 6 முதல் 7 லிட்டர் ஆயில் கேட்கும். ஆயில் தரத்தைக் கையேட்டில் பார்த்தே வாங்குங்கள். பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டிகளின் புகை வடிகட்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். பழைய வண்டிக்கு ஊற்றுவதையே அதற்கும் ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

கூலர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கலாம், ஓ-ரிங்கில் பார்க்கக் கூடாது. பழைய ஓ-ரிங்கைக் கழுவித் திரும்பப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கூலரின் வாட்டத்துக்கு நசுங்கிப்போன ரப்பர், மறுபடி உப்பாது.

சாவிகளில் 10, 12, 13, 14, 17 சாக்கெட்டுகள், நீட்டும் கம்பி, எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், பில்டர் கழற்றும் பட்டை, பிளாஸ்டிக் சுரண்டி, துரு இளக்கும் திரவம், கைவிளக்கு. டார்க் ரெஞ்ச் சொந்தமாக இல்லையென்றால் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "கையிலேயே கணக்கு இருக்கிறது" என்கிற பேச்சு இரும்புக்குச் சரி, அலுமினியத்துக்குச் சரிவராது.

கழற்றுதல்

முதல் நாள் மாலையே ஒரு வேலை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் போல்ட் தலைகளை எல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துரு இளக்கும் திரவத்தை அடித்துவிட்டுத் தூங்கப் போங்கள். அலுமினிய உடலில் இரும்பு போல்ட் இறங்கியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தலையைச் சுற்றி விபூதி பூசியது போல வெள்ளைத் தூள் இருந்தால் அந்த போல்ட் சண்டை போடப்போகிறது என்று அர்த்தம்.

காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். பிறகு ரேடியேட்டர் மூடி. சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்துக்கு வரும்.

கூலன்டை ரேடியேட்டரின் அடிக்குழாயிலும், பிளாக்கில் தனிப் பிளக் இருந்தால் அதிலும் வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள். திரும்ப ஊற்றும்போது உள்ளே காற்று நிற்கிறதா என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். வடித்த வாளியை உடனே மூடுங்கள். கூலன்ட் இனிக்கும். நாயோ ஆடோ குடித்தால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். தெருவில் ஆடு திரியாத ஊர் இந்தப் பக்கம் எது?

அடுத்து ஆயில். இரவு முழுக்க நின்ற வண்டியில் டிரெயின் பிளக்கை ஒரே மூச்சில் கழற்றாமல், கடைசி மரை பிடித்திருக்கும்போதே கொஞ்சம் கசியவிட்டுப் பாருங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது. அடியில் தங்கியிருந்தால் முதலில் பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர்தான் சொட்டும். என் வண்டியில் அரை டம்ளர் அளவுக்கு வந்தது. அதன் பிறகுதான் கறுப்பு. அந்த அரை டம்ளர்தான், பின்னால் இரண்டு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்பதைச் சொன்னது. தண்ணீரே வராமல் ஆயில் சுத்தமாக இறங்கினால் ஒரு முறை போதும்.

இனி வழியில் நிற்பவை: காற்றுக் குழாய், வெப்பத் தகடு, சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தாங்கி. எதையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒயர் கிளிப் எந்தக் குழாய்க்கு மேலே போனது, எதற்குக் கீழே போனது என்பதெல்லாம் மாலை ஆறு மணிக்கு நினைவில் இருக்காது.

கூலன்ட் ஹோஸை இழுக்காதீர்கள். கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸைப் பிடித்து முறுக்குங்கள். முறுக்கிச் சுழன்றால் வரும். ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். ஹோஸுக்காகப் பார்த்து அலுமினியக் குழாய் மூக்கை உடைத்தால் செலவு பத்து மடங்கு. ஆயிலில் ஊறிய ஹோஸ் எப்படியும் மாற்ற வேண்டியதே. அழுத்திப் பாருங்கள், பழைய பஞ்சு மிட்டாய் போலக் குழைந்திருக்கும்.

ஆயில் பில்டரைக் கழற்றியதும் கூலர் தெரியும். சில இன்ஜின்களில் நடுவில் ஒரே ஒரு துளையுள்ள பெரிய போல்ட் கூலரைப் பிடித்திருக்கும். மற்றவற்றில் மூடியைச் சுற்றி வரிசையாகப் போல்ட்டுகள். இவை ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தைக் கிறுக்கி, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்தில் அட்டையில் குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டையின் துளையில் போட்டு இறுக்கினால் அடி முட்டி அலுமினியம் விரிசல் விடும்.

பிடித்துக்கொண்ட போல்ட்டை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பாருங்கள். துரு உடையும் 'டிக்' சத்தம் கேட்டால் பிறகு தளர்த்துங்கள். அசைந்ததும் முழுக்க உருவாமல், அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி அரைச் சுற்று. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் போல்ட் தலையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு நடப்பார்கள். நானும் ஒரு முறை நடந்தேன். உடைந்த துண்டை எடுக்க ஆன செலவு கூலரின் விலையில் பாதி.

கூலர் கழன்று வரும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலும் கூலன்டும் சேர்ந்து கொட்டும். அடியில் தட்டு இருக்கட்டும்.

கழற்றிய கூலரைச் சோதித்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவதைப் போலத்தான். ஆயில் பக்கத்தின் ஒரு துளையை அடைத்து, மறு துளையில் 2, 3 பார் காற்றுக் கொடுத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். தகட்டிலிருந்து குமிழி வந்தால் குற்றவாளி அதுதான். ஒன்றுமே வரவில்லையென்றால் கசிந்தது ஓ-ரிங்காக இருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் திரும்ப வேண்டியிருக்கலாம். புதுக் கூலரைப் பூட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட முன்னால் தெரிந்துகொள்வது மலிவு. சூட்டில் மட்டும் திறக்கும் விரிசலும் உண்டு. ஆகவே வாளியில் வெந்நீர் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்பு பேரிங் தேய்ந்து இரும்புப் பொடி சுற்றிய இன்ஜின் என்றால், பழைய கூலரைக் கழுவிப் போடும் எண்ணமே வேண்டாம். தகட்டு இடுக்கில் சிக்கிய பொடியை முழுக்க எடுக்க முடியாது. அது என்றைக்காவது இறங்கிப் புதுப் பேரிங்கைத் தின்னும்.

பூட்டுதல்

பிளாக்கில் கேஸ்கெட் உட்காரும் முகத்தைச் சுத்தம் செய்வதற்கு முன், ஆயில் துளைகளில் பிசிறு விடாத துணியைச் செருகி மூடுங்கள். எத்தனை துண்டு செருகினோம் என்று சுவரில் கரியால் எழுதி வையுங்கள். எடுக்கும்போது அத்தனையும் எண்ணிக்கை சரியாக வர வேண்டும். சிரிக்காதீர்கள். ஆயில் துளைக்குள் போன துணி இன்ஜினை நிறுத்திவிடும். பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அலுமினியத்தில் கீறல் விழும், பொடியும் உள்ளே போகும்.

புதுக் கூலரைப் பழையதோடு பக்கத்தில் வைத்துத் துளைகள், உயரம், ஓ-ரிங் பள்ளம் எல்லாம் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே மாடலுக்கு ஆண்டு மாறினால் கூலரும் மாறியிருக்கலாம். ஆயில் பக்க ஓ-ரிங்குகளுக்குப் புது ஆயிலை விரலால் தடவுங்கள். கூலன்ட் பக்கத்தவற்றுக்குக் கூலன்ட். பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விளக்கடித்துச் சுற்றிலும் பாருங்கள். கேஸ்கெட் இருக்கும் இடத்தில் பசை அப்பாதீர்கள். பிதுங்கிய பசை உள்ளே காய்ந்து, உதிர்ந்து, நேராக ஆயில் வழியில் போய் நிற்கும். முதல் முறை என் வண்டியில் அந்தப் பட்டறை செய்தது அதைத்தான். இரண்டாவது முறை சம்பை (ஆயில் தேங்கும் அடித்தொட்டியை) திறந்தபோது சல்லடையில் நீலத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் திருகி உட்காரவையுங்கள். பிறகு எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். அளவு கையேட்டில் இருப்பதுதான். ஒரு மதிப்புக்குச் சொல்வதென்றால், இந்த மாதிரி இடங்களில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவும், 8 மில்லிமீட்டருக்கு 22 முதல் 25 வரையும் இருக்கும். மரையில் உப்பு பிடிக்காதிருக்கப் பூசும் களிம்பைத் தொட்டுவைத்தால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்; ஆனால் களிம்பு பட்ட மரை எளிதாகச் சுழலும் என்பதால் அளவைச் சற்றுக் குறைத்தே இறுக்குங்கள்.

காற்றில் குளிரும் வகைக் கூலரா? அதற்கு வேலை குறைவு. ஹோஸ் முனையைக் கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் கூலரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் மூக்கு முறுக்கிக் கிழியும். தாங்கி ரப்பர்களையும் சேர்த்து மாற்றுங்கள்.

கழுவுதல்

என் முதல் பட்டறை முழுக்க விட்டுவிட்ட பகுதி இது. புதுக் கூலரைப் பூட்டி, மேலே மிதந்த ஆடையை வழித்தெடுத்து, தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். ரேடியேட்டருக்குள்ளும் ஹோஸ்களிலும் ஒட்டியிருந்த ஆயில், ரப்பரை ஊறவைத்துக்கொண்டே இருந்தது. சூட்டையும் தண்ணீருக்குப் போகவிடவில்லை.

முதல் ஆயிலை ஊற்றி, முதல் பில்டரைப் பூட்டுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கீழே 'முதல் ஸ்டார்ட்' பகுதியைப் படித்துவிடுங்கள். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்துவிட்டால் தண்ணீர் தொடக்கத்திலிருந்தே ரேடியேட்டர் வரை சுற்றும். ரேடியேட்டர் கழுவும் திரவம் கடையில் கிடைக்கும்; அதைத் தண்ணீரோடு ஊற்றி, இன்ஜினை மெதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவைத்து, வடியுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் எண்ணெயை எடுக்கும்தான், ஆனால் நுரை போகவே நாலு அலசு கூடுதலாக வேண்டும். மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மிச்சமிருக்கும் ஹோஸ்களும் உப்பிப் போகும்.

வடியும் தண்ணீரில் வானவில் நிறம் தெரியாமல் போகும் வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். எனக்கு ஐந்து முறை ஆயிற்று. அலசுவதற்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் போதும். கடைசி அலசு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். போர்த் தண்ணீர் மட்டும் எந்த அலசுக்கும் வேண்டாம். அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் குழி பறிக்கும். கடினத்தன்மை சூட்டில் படிந்து ஓடாகும். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டம் நம்முடையது. இருக்கிற தண்ணீரையும் வண்டிக்கு ஊற்றக் கூடாது என்றால் கசப்பாகத்தான் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். அவ்வளவுதான் செலவு.

இப்போது தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வையுங்கள். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. 'அப்படியே ஊற்றலாம்' என்று போட்டு விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. குளிர்நாட்டுக்காரர்கள்தான் கூலன்ட் ஊற்ற வேண்டும், நமக்கு எதற்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. உறையாமல் காப்பது அதன் ஒரு குணம்தான். கொதிநிலையை 107 டிகிரி அளவுக்கு உயர்த்துவதும், உலோகத்தை அரிக்காமல் காப்பதும் நமக்கு வேண்டிய குணங்கள். நிறத்தைப் பார்த்து வேறு வேறு கூலன்டைக் கலக்காதீர்கள்; நிறத்துக்கும் உள்ளிருக்கும் மருந்துக்கும் எல்லாக் கம்பெனியிலும் ஒரே கணக்கு கிடையாது.

முன்பக்கம் சற்று மேடாக நிற்கும்படி வண்டியை வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேறத் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்போது மூடுங்கள். முதலில் அளந்து எழுதிய கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு லிட்டர் குறைவாகவே உள்ளே போயிருக்கிறது என்றால் எங்கோ காற்று நிற்கிறது.

வடித்த ஆயிலையும் கழுவிய தண்ணீரையும் என்ன செய்வது? கரையான் வராது என்று வேலிக்காலில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே மழை பெய்தால் எல்லா ஓட்டமும் ஏதாவது ஓர் ஊருணியில்தான் போய் நிற்கும். கேனில் அடைத்து, கழிவு ஆயில் வாங்க உரிமம் பெற்றவர்களிடம் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கூலன்ட் கலந்ததைத் தனிக் கேனில் வையுங்கள்.

முதல் ஸ்டார்ட்

கழுவுவதற்காக முதன்முறை ஓடவிடும்போதே இது பொருந்தும். கூலரும் பில்டரும் காலியாக இருக்கும் நிலையில் நேரே ஸ்டார்ட் செய்தால் பேரிங்கும் டர்போவும் சில விநாடி ஆயில் இல்லாமல் சுழலும். கையேட்டில் காட்டியிருக்கும் எரிபொருள் பியூஸை எடுத்துவிட்டு, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ப் அடியுங்கள். அரை நிமிடம் ஓய்வு, மறுபடி. ஆயில் விளக்கு அணைந்ததும் பியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். விளக்கு அணையவே இல்லையென்றால் ஓட்டிப் பார்க்க நினைக்காமல் நிறுத்திவிட்டு ஓ-ரிங், பில்டர் இரண்டையும் பாருங்கள்.

ஓடும்போது கைவிளக்கோடு கூலரைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பழைய செய்தித்தாளை அடியில் விரித்தால் சொட்டு எங்கே விழுகிறது என்பது தெரியும். மேல் ஹோஸ் திடீரென்று சுடத் தொடங்கினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. நிறுத்தி, ஆறவைத்து, இரண்டு அளவும் பாருங்கள், குறைந்ததை ஊற்றுங்கள்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருந்த வண்டியென்றால், இந்த முதல் ஆயிலை அலசும் ஆயிலாகவே நினையுங்கள். கழுவும் வேலை முடிந்ததும் அதை வடித்து, இரண்டாவது பில்டரும் புது ஆயிலும் போடுங்கள். மலிவு ஆயில் போதுமா என்று கேட்பார்கள். அதே தர எண் இருந்தால் போதும்.

சரக்கில்லாமல் உச்சிப்புளி வரை ஒரு முறை போய் வாருங்கள். பிறகு முதல் லோடு. 50 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் குளிர்ந்த இன்ஜினில் ஆயில், கூலன்ட் இரண்டையும் பாருங்கள். முதல் ஓரிரு வாரம் டப்பாவின் ஓரத்தில் மெல்லிய கோடு போல எண்ணெய் தெரிவது பழைய மிச்சம். துடைத்துவிட்டு, கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

வெளிப்பக்க உப்புக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பின் பெட்டியின் ஐஸ் தண்ணீர் சேஸிஸில் வழியாமல் சக்கரத்துக்குப் பின்னால் இறங்கும்படி ஒரு ஹோஸ் பொருத்திவிட்டேன். தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்த நாளிலும், வாடைக்காற்று வீசும் மாதங்களில் வாரம் ஒரு முறையும், நல்ல தண்ணீரால் இன்ஜினின் அடிப்பக்கத்தையும் ரேடியேட்டர் முகத்தையும் அலசுகிறேன். ரேடியேட்டரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைத்து. வாட்டர் சர்வீஸின் முழு வேகத்தை நேராக அடித்தால் துடுப்புத் தகடுகள் படுத்துவிடும், காற்று போகாது.

பரமக்குடி தாண்டி டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் இப்போதும் பானட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். மூடியைத் தொடுவதில்லை, டப்பாவின் வெளியிலிருந்தே நிறம் தெரியும். பச்சை பச்சையாக இருந்தால் பானட்டை மூடிவிட்டு டீயை வாங்குகிறேன்.